ஒப்பீட்டு ஊர்

கிளாவரை பஸ்ஸில் கடைசி இருக்கை.
மடியில் டேப்லெட், அதன்மேல் பிளாஸ்டிக் உறை,
உறைக்குமேல் என் ஷால்.
மன்னவனூர் தாண்டினால் மஞ்சு இறங்கும்.
ஈரத் திரையில் விரல் ஓரிடம் தொட
டிக் வேறிடம் விழும்.
போன சுற்றில் இப்படித்தான்
விறகு சுமப்பவர் ஒருவருக்கு
மூன்று டிராக்டர் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஓடைக்கு அக்கரை கரடிப்பாறை: முப்பத்தெட்டு வீடு.
வீட்டுக்கு ஒரு கறவை மாடு, ஆறு மாதத் தீவனம்,
வாராவாரம் வந்துபோகும் பயிற்சியாளர்.
இக்கரை தொம்பரை: நாற்பத்தொரு வீடு.
வீட்டுக்கு நான்,
வருடத்துக்கு ஒருமுறை, நூற்றுப் பன்னிரண்டு கேள்வியோடு.

எது எந்தக் கரை என்பதை
டெல்லியிலோ அதற்கும் அப்பாலோ
ஒரு கணினி குலுக்கிப் போட்டது.
நேர்மையான குலுக்கல் என்றார்கள் பயிற்சியில்.
நேர்மைதான். சந்தேகமில்லை.
சுண்டிவிட்ட காசுக்கு யாரையும் தெரியாது.

நான்காம் சுற்று. குழந்தையம்மா வீடு.
அடுப்புக்கு மேலே புகையில் தொங்குகிறது பூண்டுக் கட்டு.
இது உணவா, சொத்தா? படிவம் கேட்கிறது.
"வெல கெடச்சா சொத்து.
இல்லேன்னா குழம்பு."
இரண்டுக்கும் பொதுவாய் ஒரு கட்டம் இல்லை.
உணவு என்று தொட்டேன்.

கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் முட்டை.
கடந்த முப்பது நாளில் எத்தனை நாள் கூலி.
கேரட் அலசும் தொட்டியில் நின்று நின்று
வெளுத்த கால்விரல்களைப் பார்த்தே எண்ணுகிறாள்.
"பதினேழு. மழையில ஒரு நா அரைக்கூலி,
அத எப்படி எழுதுவ?"
கவலையாய் இருந்தது எத்தனை நாள் என்றும் ஒன்று உண்டு.
அதற்குச் சிரித்தாள்.
சிரிப்புக்குக் குறியீடு தொண்ணூற்றெட்டு:
பதிலளிக்க விரும்பவில்லை.

"நான் ஒண்ணு கேக்கவா?"
அவள் கேட்பதற்குப் படிவத்தில் இடமில்லை. கேட்டாள்.
"அங்கிட்டு மாடு எம்புட்டு கறக்குதுன்னு தெரியணும்னா
இங்கிட்டு நாங்க கறக்காம இருக்கணும்.
அப்படித்தான?"
மூன்று நாள் பயிற்சி, இருநூறு பக்கக் கையேடு.
"அப்படித்தாங்க்கா" என்றேன்.

கேள்வி அறுபத்து நான்கு: கால்நடை உண்டா?
இல்லை என்று தொடப்போனேன், மூன்று வருடப் பழக்கம்.
கொல்லையில் ஒரு கன்று கத்தியது.
செவலைக் கிடேரி, நெற்றியில் சுழி.
அக்கரை நாத்தனார் வாரத்துக்கு விட்டது.
வளர்த்து ஈன்றால் முதல் கன்று இவளுக்கு,
தாய் திரும்ப அவளுக்கு, பால் ஆளுக்குப் பாதி.
ஓடை வற்றிய மாசியில்
கயிற்றைப் பிடித்து நடத்தி வந்திருக்கிறார்கள், பட்டப்பகலில்.
ஊருக்கே தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது.

கையேட்டில் இதற்குப் பெயர் கசிவு.
கசிந்த வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.
கசிவு கூடினால் ஊரையே.
அந்த ஊரின் ஒவ்வொரு படிவத்துக்கும்
எனக்கு நூற்றுப்பத்து ரூபாய்.

"இருக்குன்னு போடு" என்றாள்.
பிறகு, "போட்டா ரேசன் அட்டைக்கு ஏதும் வந்துருமா?"
பிறகு கன்றைப் பார்த்து,
"இல்லேன்னு போட்டா இது கோவிச்சுக்குமே."

மஞ்சு கொல்லைக்குள் வந்துவிட்டது.
கன்று எட்டி உறையை நக்கியது,
என் கை உப்பு அதில் இருந்திருக்கும்.
திரை தானாக அறுபத்தைந்துக்குப் போனது.
எத்தனை?
முந்தைய கேள்விக்கு ஆம் என்று பதிந்திருந்தது:
நானோ, நாக்கோ, ஈரமோ.

பின்னால் போக ஒரு பொத்தான் உண்டு.
அதைத் தொடவில்லை.
அரை என்று அடித்தேன்.
முழு எண் மட்டும், என்றது சிவப்பெழுத்து.

வளைவில் மூன்றேகால் பஸ் ஹாரன் அடித்தது.
அடுத்தது ஆறரைக்கு.
"போனாப் போகுது" என்று குழந்தையம்மா
கடுங்காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.
கன்றின் சூட்டில் முதுகு சாய்த்து உட்கார்ந்தேன்.
காலிக் கட்டத்தில் அந்தச் சின்னக் கோடு
விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.