பகல் கண்ணாடி

தெளிப்பானில் தண்ணீர், நாலு சொட்டு குழந்தை ஷாம்பூ.
பின்தாளை உரித்ததும் ஃபிலிம் தன்மேலேயே ஒட்டிக்கொள்ள
யெல்ட்யே டச்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.
நூலக அட்டையால் வழித்தாள், நடுவிலிருந்து ஓரத்துக்கு.
ஒரு குமிழ் மட்டும் நழுவி நழுவி
மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.
இருக்கட்டும்.

தெருவில் நின்று பார்த்தாள்:
ஜன்னலில் குரோனிங்கன் கால்வாய், ஒரு படகு, தன் ஈரச் சட்டை.
வீட்டைக் காணோம்.

மூன்று இரவு, விளக்கெரிய,
பாத்திரம் துலக்கியபடியே ஆடினாள்
கரண்டியே ஜோடியாக.

நான்காம் நாள் கதவிடுக்கில்
எதிர்க்கரை சீட்ஸ்கெயின் சீட்டு:
"பகலில்தான் அது முகம் பார்க்கும் கண்ணாடி.
ராத்திரி விளக்குப் போட்டால் நீங்கள்தான் தெரிகிறீர்கள்.
மூன்று நாளாகச் சொல்ல மனம் வரவில்லை."

அன்றிரவு விளக்கை அணைத்தாள்.
கால்வாய்க்கு அப்பால் மஞ்சள் வெளிச்சத்தில்
கரண்டியோடு ஒருத்தி,
தாளம் தப்பித் தப்பி.