பத்து ஐம்பத்திரண்டு

கோண்டாவிலில நான் நிரோஜா.
இரவு பத்துக்குப் பிறகு
நீலநரி.

கொரியப் பாட்டுகளைத் தமிழாக்குவன்.
உப்புக்காகம் பிழை பிடிக்கும்:
"அது ஏக்கமில்லையடி, பசி."
கனடா எண்டுதான் நினைச்சிருந்தன்.
இவ்வளவு நேரம் முழிச்சிருக்கிற ஆக்கள்
வேறெங்க இருக்கப்போகினம்?

லைப்ரரியில எடுத்த நாவல்.
கடைசி அத்தியாயத்தில ஆர் செத்தது எண்டு
மூண்டு கிழமை சண்டை.
எனக்கு அவன் சாகேல்லை.
இப்பவும் சாகேல்லை.

ஆடிக்காத்து.
தென்னோலை கம்பியில விழுந்து
என்ர வசனம் பாதியில அணைஞ்சுது.
விடிய கரண்ட் வந்து பாத்தால்
காகத்தின்ர வசனமும் பாதியில நிக்குது,
அதே பத்து ஐம்பத்திரண்டு.

"உங்கட பக்கமும் ஓலையோ?"
அடிச்சு, அழிச்சிட்டன்.

டியூசனில முன்வாங்கில
ஒருத்தி மேசையில விரலால தட்டுறாள்,
எங்கட தாளம்.
கொப்பியைப் பாத்தபடி
மிச்சத்தை நான் தட்டினன்.