சொல்லாமல் போகப் பழகுதல்

கதவிடுக்கில் ஒரு காகிதம்.
எதிர்வீட்டு லிகாயா எழுதியது,
கோபமில்லாத உருண்டைக் கையெழுத்தில்:
9.10 ஊளை.
9.40 கதவைப் பிறாண்டும் சத்தம்.
11.25 ஓய்ந்தது. பாவம், தொண்டை கட்டியிருக்கும்.
இரவு வேலை முடித்து
அவள் தூங்க வேண்டிய நேரம் அது.

வால்டருக்கு ஆறு வயது.
காப்பகம் தந்த தாளில்
'வீடு மாறினார்கள்' என்று ஒரே வரி.
மாறியவர்களின் சாமான் பட்டியலில்
இவன் இல்லை.
பெயராவது கூட வரட்டும் என்று
நான் மாற்றாமல் விட்டேன்.

முதலில் திட்டினேன்.
வீம்புக்குச் செய்கிறான் என்று நினைத்தேன்.
பிறகு ஒருநாள், துடைப்பமும் கையுமாய் நிற்கையில்
கண்ணில் பட்டது:
கதவுச் சட்டம், மிதியடி, என் வலது பூட்ஸ்.
கடித்ததெல்லாம்
நான் போகிற வழியில் இருந்தவை.
சோபாவை அவன் தொட்டதே இல்லை.

'சாவி குலுங்கும்போதே
அவனுக்கு நீங்கள் போய்விட்டீர்கள்,'
என்றார் மருத்துவர்.
'சாவியை எடுங்கள். போகாதீர்கள்.'

எடுத்தேன். உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினேன்.
நாளைக்கு இருபது தடவை.
கோட்டை மாட்டிக்கொண்டு தோசை வார்த்தேன்,
பூட்ஸ் காலோடு, அடுப்படியில்.
(அம்மாவுக்கு இது தெரியவேண்டாம்.)

மூன்றாம் வாரம் கதவுக்கு வெளியே.
நான்கு விநாடி. உள்ளே.
ஏழு விநாடி. உள்ளே.
அடுத்தது மூன்றுதான், கணக்கு அவனுக்குப் பிடிபடக் கூடாது.
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்,
என் வீட்டுக்கே
கடன் வசூலிக்க வந்தவள் போல.

அரிசி மூட்டையோடு லிஃப்டிலிருந்து வந்தாள் லிகாயா.
'சாவி உள்ளே மாட்டிக்கொண்டதா, கோமி?'
'இல்லை. போகப் பழகுகிறேன்.'
மூட்டையை இறக்கிவைத்துவிட்டு
அவளும் நின்றாள்.
இருபது விநாடி
இரண்டு பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒரு நாய் குரைக்காததைக்
கேட்டோம்.

மருத்துவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்.
கிளம்பும்போது கொஞ்சாதீர்கள், தடவாதீர்கள்,
விடைபெறாதீர்கள்.
அடுத்த அறைக்குப் போவதுபோலப் போங்கள்.

எங்களில் யாரும் 'போறேன்' என்பதில்லை.
வாசலில் அந்தச் சொல் தவறி விழுந்தால்
பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து,
மாற்றிச் சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள்.
போயிட்டு வரேன்.
முந்தானையில் காசு முடிவதுபோல
போவதிலேயே வருவதை முடிந்துவைத்த பேச்சு.
சொல்லாமல் போனவர்களை
நாங்கள் சுலபத்தில் மன்னிப்பதில்லை.
வால்டருக்கோ
அதில் முதல் பாதி மட்டும்தான் கேட்கிறது.
இரண்டாம் பாதி
அவனிடம் ஒருமுறையும் வந்துசேர்ந்ததில்லை.

ஜனவரியில் ஒரு விடிகாலை
எலிஸ் அவென்யூவில் பனி வாரும் வண்டி
அலறிக்கொண்டே பின்வாங்கியது.
நாற்பது நிமிடம் வரை தேறியிருந்தவன்
மறுபடி நான்கு விநாடி.
புது மிதியடி நார்நாராக.
தரையில் உட்கார்ந்து அழுதேன்.
வந்து என் முட்டியில் தாடையை வைத்தான்.
நான் எங்கும் போகப்போவதில்லை என்று தெரிந்தால்
அவனைப் போலத் தைரியசாலி
இந்தக் கட்டடத்தில் கிடையாது.

சரி.
சாவி. வெங்காயம்.

இன்று வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
இரண்டு நாள் உடுத்திய என் சட்டையை
அவன் படுக்கையில் விரித்தேன்.
ரப்பர் கூம்பில் உப்பில்லாத் தயிர்ச்சோறு,
இரவே உறையவைத்தது.
நக்கத் தொடங்கினான்.
ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பி
பிறகு சோற்றுக்கே போய்விட்டது.
எழுந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.
கதவு மட்டும்
தன் வழக்கமான சத்தத்தைப் போட்டது.

லிஃப்டில்
மூன்று இரண்டாகும்போது
கண்ணாடியில் தெரிந்த கம்பளித் தொப்பிக்காரியிடம்
மெதுவாகச் சொன்னேன்,
நடுவில் மூச்சு விடாமல்,
இரண்டு பாதியையும்.