ஏழு விநாடி

முதல் நாளே ஆளுக்கொரு ரப்பர் பேண்டு தந்தார்கள்.
சொல்லில் எந்த இடம் கனமோ
அங்கே இழுக்கணும்,
மற்ற இடத்தில் தளர்த்தணும்.
ரெக்கார்டு:
தலையில் இழுத்தால் நோட்டு,
வாலில் இழுத்தால் பதிவு செய்.
பன்னிரண்டு பேரும் விரலில் மாட்டிக்கொண்டு
இல்லாத கவணில்
இல்லாத கல்லை எறிந்துகொண்டிருந்தோம்.

என் மொழியில் அசைகள் பந்தியில் உட்கார்ந்தவை,
எல்லா இலைக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சோறு.
ஒரு இலைக்கு மட்டும் குவித்துவிட்டு
பக்கத்து இலையைப் பாதியில் எடுக்கச் சொன்னால்
கை வரமாட்டேன் என்கிறது.

கஞ்சிக்கோட்டுக்கு அப்பால், வெயிலில் நிற்கும் பல்கலைக்கழகம்.
ஆய்வு மாணவர்கள் இளங்கலை வகுப்புக்குள் நுழையுமுன்
பதினைந்து நாள் பயிற்சி, ஆங்கிலத்தில்.
தேறினால்தான் உதவித்தொகையில் மீதிப் பாதி.
லால்ரின்புயி, விலங்கியல், மிசோரம்.
எர்ரிசாமி, கணிதம், குப்பம் பக்கம்.
நான் கொழிஞ்சாம்பாறை, வேதியியல்;
வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம்,
வேலந்தாவளம் சாவடியில்
காக்கிச்சட்டை எதில் கேட்கிறதோ அது.

பத்து நிமிடம் பாடம் எடுத்தேன்.
மாணவர்களாக நடித்தது மற்ற பதினொரு பேர்.
கொட்டாவியும் நடிப்புதான் என்றான் எர்ரிசாமி.
பிறகு திரையில் ஓட்டிக் காட்டினாள் ஷைனி,
பயிற்சி தருகிறவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள்.
உச்சரிப்புக்குத்தான் பயந்திருந்தேன்.
பார்த்தால்
திரை முழுக்க என் முதுகு.
பலகையோடு பேசுகிறேன்.
எழுதுகிறேன், எழுதிய கையோடு அழிக்கிறேன்,
யாரோ துரத்திக்கொண்டு வருகிற மாதிரி.
பினாப்தலீனைக்கூடச் சரியாகத்தான் சொல்லியிருந்தேன்,
ஜன்னலைப் பார்த்து.

'அண்டர்ஸ்டாண்ட்?' பதினாலு தடவை.
எண்ணி வைத்திருந்தாள்.
அப்படிக் கேட்டால் எந்த வகுப்பும் யெஸ் என்றுதான் சொல்லும்.
வேறு மாதிரி கேள்.
கேட்டுவிட்டு ஏழு விநாடி
வாயை மூடிக்கொண்டு நில்.

மெஸ்ஸில் சாம்பார் வாளிக்கு மேல் இதே பேச்சு.
நாக்கு அர்த்தமைந்தி என்கிறான் அவன்.
எனிக்கு மனசிலாயி என்றுதான் நான் பள்ளியில் சொன்னேன்.
எனக்குப் புரிஞ்சிருச்சு, இது வீட்டில்.
மூன்றிலும் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, கவனித்தாயா,
அதுவாக நம்மிடம் வருகிறது,
ஆங்கிலத்தில் மட்டும்
நானே கிளம்பிப் போய்ப் பிடித்துவர வேண்டும்.
உங்கள் ஊரில் எப்படி என்று லால்ரின்புயியைக் கேட்டோம்.
ஒரு சொல் சொன்னாள். திருப்பிச் சொன்னோம்.
சிரித்தாள். இழுக்காதீர்கள்,
இது ஏறி இறங்குகிற மொழி.
மூன்று முறை ஏறி மூன்று முறையும் வழுக்கினோம்.

இரவு விடுதி மாடியில் ஏழு விநாடி பழகினேன்.
வாளையார்ப் பக்கமிருந்து வரும் சரக்கு வண்டியில்
எட்டு, ஒன்பது பெட்டி கடந்துவிடுகிறது.
அவ்வளவு நேரம்
ஒரு வகுப்பு முழுக்க என்னையே பார்க்குமா?

திங்கட்கிழமை. முப்பத்தாறு பேர், முப்பத்தாறு ப்யூரெட்.
ரிஷானா என்ற பெண் ஏதோ கேட்டாள்,
கணவாய்க் காற்று வேகத்தில் ஓர் ஆங்கிலம்.
ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.
இன்னொரு முறை, மெதுவாக என்றேன்.
(இந்த வாக்கியத்துக்கு மட்டும் ஒரு நாள் பயிற்சி.)
குடுவையைத் தூக்கிக் காட்டினாள்.
வந்த ரோஜா நிறம்
கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.
முதலில் எடுத்த அளவு தப்பா?

பதில் தெரியும்.
முழு வாக்கியமாகத் தொண்டை வரை வந்துவிட்டது.
விழுங்கினேன். முகத்தை வகுப்புக்குத் திருப்பினேன்.
நீ சொட்டு விடுவதை நிறுத்திய பிறகு
குடுவைக்குள் வேறு எது போயிருக்கும்?

ஒன்று. இரண்டு. குழாய் சொட்டியது.
ஐந்தில் பின்வரிசையில் ஒருவன் வாயைத் திறந்தான்,
வெறும் இருமல்.
ஏழு.
ஏழுக்கு அப்புறம் என்ன என்று பயிற்சியில் சொல்லவில்லை.
எட்டு. ஒன்பது.
மணிக்கட்டு ரப்பரை நிமிண்டிக்கொண்டு நின்றேன்.
ஜன்னல் கதவு படாரென்று அடித்தது.

ரிஷானா திரும்பிப் பார்த்தாள்.
குடுவையைப் பார்த்தாள்.
"காற்றாணோ மிஸ்ஸே?"
சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்தாள்,
வகுப்பில் ஆங்கிலம்தான் என்று சுவரில் ஒட்டியிருந்தது.
அவளே மாற்றினாள்:
ஏர்.

ஒரே அசை.
இழுக்க ஒன்றுமில்லை.