பதினேழாம் விருப்பம்

அஸ்தம்பட்டியில் இரண்டாம் மாடி.
கீழே டயர் கடை.
கம்ப்ரஸர் ஓய்ந்தால்தான் எனக்கு வாக்கியம் வரும்.

கோப்புகளை அங்கிருந்து இங்கே கொண்டுவரும் கருவி அது.
மலைமேல் ஆறு சுகாதார நிலையங்களின் எக்ஸ்ரே படங்கள்
ராத்திரி பத்துக்கு மேல்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
எங்கள் வட்டில் வந்து சேரும்.
நாற்பத்தோரு ஆப்ஷன்,
ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு வரி, என் வேலை.
ஆப்ஷனை விருப்பம் என்று எழுதச் சொன்னார்கள்.
யாருடைய விருப்பம் என்று நான் கேட்கவில்லை.

கறுப்புத் திரையில் தமிழ் ஒழுங்காய் நிற்காது.
கொம்பு ஒரு கட்டத்தில், எழுத்து அடுத்ததில்,
கால் வழுக்கி எங்கேயோ.
'தொடர்' என்ற சொல்லே அங்கே
துண்டு துண்டாகத்தான் தொடர்கிறது.

--தொடர்: அறுந்த இடத்திலிருந்து மீண்டும் அனுப்பும்.

இதற்குச் சிரமமில்லை.
மழை பிடித்தால் ஒன்பதாம் வளைவில் மரம் விழும்,
கேபிள் போகும்,
காலையில் யாராவது வந்து வெட்டி எடுப்பார்கள்.
ஏழாவது விலா எலும்பில் நின்ற நெஞ்சு
எட்டாவதிலிருந்து வரும்.

--அமைதி: எதுவும் சொல்லாது.
--விவரம்: எல்லாம் சொல்லும்.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்?
நிரல் எழுதிய ஈஸ்வரமூர்த்தியிடம் கேட்டேன்.
"யாரு அப்படிக் கொடுப்பா?"
கொடுத்துப் பார்த்தேன்.
கடைசியாகச் சொன்னது எதுவோ அதைக் கேட்கிறது.
அதையும் எழுதினேன்.

--அழி: மூலத்தில் இல்லாத கோப்புகள் சேருமிடத்தில் அழிக்கப்படும்.

எண்பது கட்டத்துக்குள் அழகாய் அடங்கியது.
மழை பெய்யும் என்பதைப் போல,
வண்டி தாமதமாக வரும் என்பதைப் போல
ஒரு வரி.

மார்ச்சில் நாகலூர் ஜெசிந்தா
வட்டு நிறைந்துவிட்டதென்று
பழைய படங்களை அங்கே நீக்கினாள்.
கீழே சேலத்தில் இருக்கிறதே என்ற தைரியம்.
ராத்திரி பத்து மணி.
கட்டளையில் பதினேழாம் விருப்பம் இருந்தது,
என் கையேட்டின் உதாரணத்தில் இருந்ததால்.

நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
பெரும்பாலும் நெஞ்சு. சில முழங்கை.
மிளகு பறிக்க சில்வர் ஓக்கில் ஏறி விழுந்தவரின் இடுப்பு ஒன்று.
புதிதாய் எடுத்துவிட்டார்கள்.
கூடியிருக்கிறதா என்று ஒப்பிடப் பழையது இல்லை.
டாக்டர் ஒற்றைப் படத்தையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

போனில் ஜெசிந்தா அழவில்லை.
"அழிக்கப்படும்னு போட்டிருந்துச்சுங்க.
வேற யாரோ அழிப்பாங்க,
பாத்துத்தான் அழிப்பாங்கன்னு நெனச்சேன்."

மேசையில் தட்டுவடை செட் பிரிக்காமல் கிடந்தது.
பீட்ரூட் காகிதத்தில் ஊறிப்போயிருந்தது.

படு: துணைவினை.
பட்டது எது என்று சொல்லும்,
செய்தது யார் என்று சொல்லாது.
பள்ளியில் படித்ததுதான்.
விசாரணை அறிக்கையிலும் அதுவே இருந்தது:
கவனக்குறைவால் நீக்கப்பட்டது.

திருத்தினேன்.

--அழி: மூலத்தில் இல்லாததையெல்லாம்
சேருமிடத்திலும் நீங்கள் அழிக்கிறீர்கள்.
திரும்ப வராது.
முதலில் --ஒத்திகை கொடுத்துப் பாருங்கள்.

"கையேட்டில நீங்கள், நாங்கள் எல்லாம் வரக்கூடாது,
எண்பதையும் தாண்டுது" என்றான் ஈஸ்வரமூர்த்தி.
தாண்டட்டும்.
உதாரணத்திலிருந்து பதினேழை எடுத்தேன்.
மாற்றக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்:
பழைய உதாரணத்தை எழுதியது நான், பூங்கோதை.

வெளியானபோது அது
பழைய உதாரணம் திருத்தப்பட்டது
என்று ஆகியிருந்தது.

இப்போது மணி பத்து ஐந்து.
டயர் கடை சாத்தியாயிற்று.
நாகலூரிலிருந்து ஒத்திகை வருகிறது.
எதுவும் நகரவில்லை;
எதெல்லாம் வரும், எதெல்லாம் போகும்
என்று ஒரு பட்டியல் மட்டும்
திரையில் ஏறிக்கொண்டே போய் நிற்கிறது.
அடுத்த கட்டளை வருவதற்கு
தினமும் நாற்பது நிமிடம் ஆகிறது.

வரி வரியாய்ப் படிக்கிறாள் போல.
நானும் அதுவரை
விளக்கை அணைப்பதில்லை.