அடி இல்லாத வலை

முப்பத்தொன்பதில் மன்னார்குடிக்கு வந்தார் தைரியநாதன்.
உத்தரவில் 'டிரில் மாஸ்டர்'.
கையில் தோல்பந்து ஒன்று, சைக்கிள் பம்பு.
ஆள் குள்ளம்.

வண்டிப்பட்டையை வளைத்து வளையம் அடித்தாயிற்று.
வலைக்கு அக்கரைப்பேட்டையில் சொல்லி
முடிந்து வந்தபோது அடி மூடியிருந்தது.
"அடியில்லாம வலையா? என்ன நிக்கும் அதுல?"
என்றானாம் முடிந்தவன்.

அந்த வருஷம் முழுக்க
ஒவ்வொரு கூடைக்கும் ஏணி வைத்து ஏறினான்
பியூன் கலியபெருமாள்.
எதிராளி போட்டாலும் ஏறத்தானே வேண்டும்.
கும்பகோணத்தோடு ஆடிய அன்று முப்பத்தோரு தடவை.
மறுநாள் கருக்கரிவாளோடு சாரே ஏறினார்.

அப்புறம் இருபத்திரண்டு வருஷம்.
ஐப்பசியில் ஆடுகளம் தவளைக்கு.
தையில் அறுப்பு; ஐந்து பேரில் மூவர் வயலில்.
மிச்ச இருவரிடம்
"பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு" என்று கத்துவார்.
ஜெயித்தது பதினேழு.
தோற்றதை நான் கூட்டவில்லை,
அவர் கூட்டி வைத்திருந்தார்: தொண்ணூற்று நாலு.

ஓய்வு பெறும் நாளில் சாமான் ஒப்படைப்பு.
பந்து மூன்று, சரி.
விசில் ஒன்று, சரி.
தணிக்கைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.
"வலை இரண்டு. அடி கிழிந்தது."
எழுதினேன்.
குமாஸ்தா வேறென்ன செய்வான்?
கடைசிச் சம்பளத்தில்
நாலே முக்கால் ரூபாய் பிடித்தம்.

கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி,
"காசு கட்டியாச்சு.
வலை இனி என்னுதுதானே?" என்றார்.

விதியில் அதற்குப் பதில் இல்லை.
கலியபெருமாள் அன்று லீவு.
ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன்.