காகிதத்தில் இல்லாதவை

கண்கூடத் திறக்கவில்லை அப்போது.
கல் ரோட்டில் நாலு மணி நேரம்
ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள் ப்ரிகிதா,
சூடு ஆறாத ரொட்டியைப் போல.

பெயர் வைக்காதீர்கள்.
மடியில் எடுக்காதீர்கள்.
வீட்டு வாசலைக் காட்டாதீர்கள்.
ஆட்டைத்தான் அம்மா என்று நினைக்க வேண்டும் இது.
சொன்னதோடு நில்லாமல் எழுதியும் கொடுத்தாள்.
மாத்தே தேநீரை உறிஞ்சியபடி
என் மகளை ஒருமுறை பார்த்தாள்,
இரண்டாவது வரியை அடிக்கோடிட்டாள்.

அதற்காக நாங்கள் மெத்தை வாங்கவில்லை, பந்து வாங்கவில்லை.
பட்டி மூலையில் நான்கு பலகை,
பழைய ஆட்டுத்தோல் ஒன்று,
குட்டி செத்துப் பிறந்த சாம்பல் ஆடு.

அதன் பாலையே கறந்து
நாய்க்குட்டியின் தலையில், முதுகில், வாலடியில் பூசினேன்.
முகர்ந்தது. முட்டப் போனது.
கொம்பு செலிந்தோவின் கையில், காம்பு என் கையில்,
இரண்டு நாள், ராத்திரியும் பகலும்.
மூன்றாம் நாள் யாரும் பிடிக்காமலே நின்றது
எங்கோ பார்த்துக்கொண்டு,
கடன்காரனுக்குக் கதவு திறப்பவள் மாதிரி.

பதின்மூன்றாம் நாள் கண் திறந்தபோது
எதிரில் இருந்தது மடி.
ஆட்டினுடையது.

மைலேனுக்கு ஏழு வயது.
பட்டிக்குள் போகும்போதெல்லாம்
கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள்,
அவளே கண்டுபிடித்த வழி.
இருட்டியதும் வேலியோரம் நின்று
"எல்லாரும் நல்லாத் தூங்குங்க" என்பாள்.
நாற்பத்தாறு ஆடுகளுக்கு
அவ்வளவு மெதுவாக யாரும் சொல்வதில்லை.

ஒரு குட்டியின் காதைக் கவ்வி இழுத்து விளையாடியது ஒருநாள்.
நான் அதட்ட வாய் திறப்பதற்குள்
கிழ ஆடு வந்து ஒரே முட்டு.
மூன்று உருளல். எழுந்தது, தும்மியது,
பிறகு எந்தக் காதையும் தொடவில்லை.
எனக்கு வேலை மிச்சம்.

ஜூலை. மலை முழுக்கப் பனி.
வேலிக்கடியில் நுழைந்து வந்து
சமையலறைக் கதவைச் சுரண்டியது.
உள்ளே அடுப்பு.
திறந்தேன். வால் ஆடியது.
போ என்றேன்.
வால் இன்னும் வேகமாக ஆடியது.
கூழாங்கல் ஒன்றைப் பொறுக்கி
அதன்மேல் படாமல், பக்கத்தில் விழும்படி எறிந்தேன்.
படாமல் எறிய எவ்வளவு குறி வேண்டும் என்று
அந்தக் காகிதத்தில் இல்லை.
கதவை மூடியதும் செலிந்தோ ஒன்றும் கேட்கவில்லை,
விறகு ஒன்றை எடுத்துப் போட்டான்,
தேவையில்லாமல்.
விடிந்து போய்ப் பார்த்தேன்.
இரண்டு ஆடுகளுக்கு நடுவே ஒரு பனிக்குவியல்
மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

தடுப்பூசி அன்று மட்டும் தொடலாம்.
செலிந்தோ பிடித்தான், ப்ரிகிதா குத்தினாள்.
நான் காதைப் பிடித்துக்கொண்டேன்.
காதை எதற்கு என்றாள்.
துள்ளாமல் இருக்க என்றேன்.
ஒரு காதுக்குள் அவ்வளவு சூடு இருக்கும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

போன வருஷம் பூமாவுக்குப் பதினோரு ஆடு கொடுத்தோம்.
ஒன்பது ராத்திரி பாறைமேல் துப்பாக்கியோடு கிடந்தான் செலிந்தோ,
இருமல்தான் மிச்சம்.
இந்த வருஷம், கோடை மேய்ச்சலுக்கு ஏறிய நாலாம் நாள்,
நடுச்சாமத்தில் அது குரைத்தது.
இதுவரை கேட்காத குரல், அடித்தொண்டையிலிருந்து.
நாங்கள் கூடாரத்துக்குள் கையைக் கையால் பிடித்துக் கிடந்தோம்.
காலையில் ஈர மண்ணில் பெரிய தடம்,
பாதி வட்டம் சுற்றி, ஓடைப் பக்கம் திரும்பியிருந்தது.
இரண்டு தடவை எண்ணினோம். நாற்பத்தாறு.
பூமாவும் உயிரோடுதான் எங்கோ பசியில் போகிறது.
அதற்கு நான் என்ன செய்ய.

இப்போது கூப்பிட்டால் வருவதில்லை.
ஆடுகள் என்னைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறது,
மென்றுகொண்டே, ஒரு கணம்.
அருமையாக வளர்த்திருக்கிறீர்கள் என்கிறாள் ப்ரிகிதா.

நேற்று மைலேன் சொன்னாள்,
வந்த அன்றே அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டாளாம்,
மனசுக்குள்.
என்ன பெயர் என்றேன்.
தலையை ஆட்டினாள்.
கீழே சரிவில் ஆடுகளோடு ஆடாக
வெள்ளையாய்ப் படுத்திருந்தது அது.
"சொன்னா திரும்பிப் பார்த்துடும்மா."